சோலார் போடும் முன் எக்ஸெல் போடுங்கள்!

2025 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, மாடியில சோலார் போடலாம்னு ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போயிருக்கார். 5 கிலோவாட். மானியம் போக 2 லட்சத்து 32 ஆயிரம். மூணரை வருஷத்துல போட்ட பணம் திரும்பிடுமாம். டெபாசிட்டை முறிச்சுப் போட்டுரலாமா? நீ இன்ஜினீயர்தானே, சொல்லு."

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். எழுதுவது சாஃப்ட்வேர். மாடியில் வைக்கும் பேனலுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் அது அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணம். "போடுங்க" என்றோ "வேண்டாம்" என்றோ வாய்க்கு வந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. "ஒரு வாரம் டைம் கொடுங்கப்பா, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன்.

அந்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதையும், போட்ட கணக்கையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்களே ஆனவர்களும் இதைச் செய்து பார்க்க முடியும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் செய்முறை ஒன்றுதான்.

சிப்பும் சோலாரும் சகோதரர்கள்

உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசரும் மாடியில் வைக்கும் சோலார் பேனலும் ஒரே பொருளிலிருந்து பிறந்தவை. அந்தப் பொருள் சிலிக்கான். மணலில் இருந்து எடுத்து, சுத்தம் செய்து, கட்டியாக வளர்த்து, மெல்லிய தகடுகளாக அறுப்பார்கள். இந்தத் தகட்டுக்கு வேஃபர் என்று பெயர். அதன் மேல் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களைப் பதித்தால் சிப். வெயில் பட்டால் மின்சாரம் தரும்படி செய்தால் சோலார் செல்.

பயன்படக்கூடிய முதல் சிலிக்கான் சோலார் செல்லை 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாபின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் செய்து காட்டினார்கள். டிரான்சிஸ்டர் பிறந்ததும் அதே ஆய்வுக்கூடத்தில்தான். அந்த செல் தன் மேல் விழுந்த வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. விலை யானை விலை. அதனால் செயற்கைக்கோள்களுக்குத்தான் முதலில் பயன்பட்டது. 1958-ல் விண்ணுக்குப் போன வேன்கார்டு-1 சோலார் செல்லில் இயங்கியது. இன்று நம் வீடுகளுக்கு வரும் பேனல்கள் 20 சதவீதத்துக்கும் மேல் மாற்றுகின்றன.

விலையைப் பாருங்கள். 1977-ல் ஒரு வாட் சோலார் செல்லின் விலை ஏறத்தாழ 76 டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 2024-ல் உலகச் சந்தையில் மொத்த விலைக்கு ஒரு வாட் பேனல் கால் டாலருக்கும் கீழே வந்துவிட்டது.

விலையை இறக்கிய நான்கு விஷயங்கள்

முதலாவது, சிலிக்கான். சோலார் தொழில் சிறியதாக இருந்த காலத்தில், சிப் கம்பெனிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய சிலிக்கானை வாங்கித்தான் பிழைப்பு ஓடியது. சோலாருக்குத் தேவை கூடியபோது தட்டுப்பாடு வந்து, 2008-ல் சுத்தமான சிலிக்கான் கிலோ 400 டாலரைத் தாண்டியது. அதன் பிறகு சோலாருக்கென்றே பெரிய ஆலைகள் எழுந்தன. விலை சரிந்தது.

இரண்டாவது, அறுக்கும் முறை. முன்பு இரும்புக் கம்பியையும், உரசும் தூள் கலந்த குழம்பையும் வைத்து சிலிக்கான் கட்டியை அறுத்தார்கள். விலை உயர்ந்த பொருளில் பெரும் பகுதி தூளாகவே போனது. இப்போது வைரத்துகள் பதித்த மெல்லிய கம்பியால் அறுக்கிறார்கள். வேகம் கூடியது, சேதாரம் குறைந்தது. 2000-களின் தொடக்கத்தில் 300 மைக்ரான் அளவில் இருந்த வேஃபரின் கனம், இன்று ஏறத்தாழ அதில் பாதி.

மூன்றாவது, செல்லின் அமைப்பு. 'பெர்க்' என்ற பெயரை பேனல் விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். செல்லின் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய படலம் வைத்து, வீணாகும் ஒளியையும் மின்னூட்டத்தையும் மீட்பதுதான் இதன் தந்திரம். 1980-களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழுவினர் உருவாக்கியது. ஆய்வுக்கூடத்திலிருந்து தொழிற்சாலைக்கு முழுமையாக வர 25 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இந்தப் பணிக்காக 2023-ல் அவருக்கும் சகாக்கள் மூவருக்கும் எலிசபெத் ராணி பொறியியல் பரிசு கிடைத்தது. இதற்கு அடுத்து வந்த 'டாப்கான்' வகை இப்போது பெர்க்கைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது.

நான்காவது, பாதி செல். புதிய பேனலின் நடுவே ஒரு கோடு ஓடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? செல்களை இரண்டாக வெட்டி இணைத்திருப்பார்கள். செல்லைப் பாதியாக்கினால் அதில் ஓடும் மின்னோட்டமும் பாதி. பள்ளியில் படித்தது நினைவிருக்கும்: மின்னோட்டம் பாதியானால் கம்பியில் வெப்பமாகப் போகும் இழப்பு கால் பங்காகக் குறையும். ஒரு வெட்டு, கூடுதல் மின்சாரம்!

முதல் பயிற்சி: ஸ்வான்சன் விதி

சிப் உலகில் மூர் விதி பிரபலம். சோலாரில் ஸ்வான்சன் விதி. சன்பவர் கம்பெனியை நிறுவிய ரிச்சர்டு ஸ்வான்சன் பெயரால் வழங்குவது. உலகில் இதுவரை தயாரான பேனல்களின் மொத்த அளவு இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் விலை ஏறத்தாழ 20 சதவீதம் இறங்கும் என்பதே அது. 20 சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

எக்ஸெல்லைத் திறந்து ஏ1 என்ற செல்லில் 100 என்று டைப் செய்யுங்கள். இது ஆரம்ப விலை. கீழே உள்ள ஏ2-ல் =ஏ1*0.8 என்று அடித்து என்டர் தட்டுங்கள். (கட்டுரையில் தமிழில் காட்டியுள்ள செல் பெயர்களை நீங்கள் கீபோர்டில் ஆங்கில எழுத்தால் அடிக்க வேண்டும்.) 80 வரும். இப்போது ஏ2-வைக் கிளிக் செய்தால் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து ஏ11 வரை இழுத்து விடுங்கள். கடைசி செல்லில் 10.74 அளவில் ஓர் எண் வந்து நிற்கும். பத்தே பத்து இரட்டிப்புகளில் 100 ரூபாய் பொருள் 11 ரூபாய்க்குக் கீழே!

சரி, பேனல் மலிவாகிவிட்டது. அதனால் அப்பா டெபாசிட்டை முறிக்கலாமா? இல்லை, அது வேறு கேள்வி. பேனலின் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது. அது நமக்குக் கட்டுபடியாகுமா என்பது நம் வீட்டு மின் அட்டையில் இருக்கிறது.

இரண்டாவது பயிற்சி: உங்கள் வீட்டுக் கணக்கு

அப்பாவிடம் என் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. போனில் நான் சொல்லச் சொல்ல, கடைசி ஆறு பில்களை எடுத்து வைத்துக்கொண்டு அவரே டைப் செய்தார். நீங்களும் அதேபோல் புதிய ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

1. பி1-ல் எத்தனை கிலோவாட் என்பதைப் போடுங்கள். முதலில் 0 இருக்கட்டும்.

2. பி2-ல் 4 என்று போடுங்கள். தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். மழைக்காலத்தில் குறையும், கோடையில் கூடும்.

3. ஏ5 முதல் ஏ10 வரை மாதங்களின் பெயர். பி5 முதல் பி10 வரை அந்தந்த பில்லில் உள்ள யூனிட். எங்கள் வீட்டு எண்கள்: 430, 480, 760, 810, 620, 500. நடுவில் உள்ள பெரிய எண்கள் ஏசி ஓடிய கோடை மாதங்கள். மொத்தம் 3,600 யூனிட்.

4. சி5-ல் =$பி$1*$பி$2*60 என்று அடியுங்கள். இது இரண்டு மாதத்தில் பேனல் தரும் யூனிட். இந்த டாலர் குறிக்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை. கீழே இழுத்து நகல் எடுக்கும்போது 'இந்த செல்லை மாற்றாதே' என்று போடும் பூட்டு அது.

5. டி5-ல் =மேக்ஸ்(0,பி5-சி5) என்று அடியுங்கள். மேக்ஸ் என்பது கொடுத்த எண்களில் பெரியதை எடுக்கும் பங்க்ஷன். பேனல் தந்தது போக நாம் விலை கொடுத்து வாங்க வேண்டிய யூனிட் இது. மைனஸில் போனால் 0 என்று காட்டும்.

6. இ5-ல் பில் தொகை. இங்கேதான் கவனம் தேவை. மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. கணக்கு எளிதாகப் புரிவதற்காக நான் மூன்றே படிகள் வைத்துக்கொண்டேன்: இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 500 வரை யூனிட்டுக்கு 5 ரூபாய், 500-க்கு மேல் 9 ரூபாய். நிஜ அட்டவணையில் இதைவிட அதிகப் படிகள் உண்டு. உங்கள் பகுதியில் இப்போதுள்ள கட்டணத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பார்முலா இது: =5*மேக்ஸ்(0,டி5-100)+4*மேக்ஸ்(0,டி5-500). இரண்டாம் பகுதியில் 9 இல்லாமல் 4 ஏன்? 500-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு முதல் பகுதியிலேயே 5 ரூபாய் சேர்ந்துவிட்டது. மிச்சம் 4 போதும்.

7. சி5, டி5, இ5 மூன்றையும் சேர்த்துத் தேர்வு செய்து, பத்தாவது வரிசை வரை இழுத்து விடுங்கள். இ11-ல் கிளிக் செய்து ஆட்டோசம் பொத்தானை அழுத்தி என்டர் தட்டினால் ஒரு வருட பில் கிடைக்கும். பைலை சேவ் செய்துகொள்ள மறக்காதீர்கள்.

பி1-ல் 0 இருக்கும்போது எங்களுக்கு வந்த தொகை 17,760 ரூபாய். இது சோலார் இல்லாத வருட பில். இனி பி1-ல் உள்ள எண்ணை மட்டும் மாற்றுங்கள். மற்றதை எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

ஷீட் சொன்ன கதை

1 கிலோவாட் போட்டால் வருட பில் 8,160. மிச்சம் 9,600 ரூபாய்.
2 கிலோவாட் போட்டால் வருட பில் 2,250. மிச்சம் 15,510 ரூபாய்.
3 கிலோவாட் போட்டால் பில் 0. மிச்சம் 17,760 ரூபாய்.
5 கிலோவாட் போட்டாலும் பில் 0. மிச்சம் அதே 17,760 ரூபாய்.

பில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது அல்லவா? 5 கிலோவாட் வருடத்துக்கு 7,200 யூனிட் தரும். வீட்டுக்குத் தேவை 3,600. பாதி மின்சாரம் நமக்கு வேண்டாதது.

இப்போது செலவைப் பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மத்திய அரசின் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். மூன்றுக்கு மேல் எத்தனை போட்டாலும் மானியம் கூடாது. அப்பா கேட்டு வாங்கிய விலைகளில் மானியத்தைக் கழித்தால் 2 கிலோவாட் 75,000 ரூபாய், 3 கிலோவாட் 1,17,000 ரூபாய், 5 கிலோவாட் 2,32,000 ரூபாய்.

செலவை வருட மிச்சத்தால் வகுத்தால் பணம் திரும்பும் காலம். 2 கிலோவாட் 4.8 வருடம். 3 கிலோவாட் 6.6 வருடம். 5 கிலோவாட் 13 வருடம்!

மூன்றாவது கிலோவாட்டைத் தனியாகப் பாருங்கள். அதற்கு மட்டும் கூடுதல் செலவு 42,000. அதனால் கூடுதல் மிச்சம் வருடத்துக்கு 2,250 ரூபாய்தான். அந்தப் பணம் திரும்ப 18 வருடத்துக்கு மேல் ஆகும். காரணம், முதல் இரண்டு கிலோவாட் விலை கூடிய யூனிட்களைத் துடைத்துவிட்டன. மூன்றாவதுக்கு எஞ்சியிருப்பது விலை குறைந்த யூனிட்களும், ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டும்தான்.

அப்படியானால் அந்த விற்பனையாளர் சொன்ன மூன்றரை வருடம் எங்கிருந்து வந்தது? அதையும் ஷீட்டிலேயே கண்டுபிடித்தோம். 7,200 யூனிட்டையும் 9 ரூபாயால் பெருக்கினால் 64,800 ரூபாய். 2,32,000-ஐ அதனால் வகுத்தால் 3.6. பேனல் தரும் ஒவ்வொரு யூனிட்டும் உச்சப் படியின் விலையை மிச்சப்படுத்தும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. பெருக்கலில் பிழை இல்லை. பெருக்கிய எண்தான் எங்கள் வீட்டு எண் இல்லை.

"வெயில் குறைந்தால் என்ன ஆகும்?" என்று அப்பா கேட்டார். பி2-ல் 4-க்குப் பதில் 3.5 போடச் சொன்னேன். 2 கிலோவாட்டுக்கு மிச்சம் 14,610 ஆகக் குறைந்தது. காலம் 5.1 வருடம். பெரிய மாற்றம் இல்லை. ஓர் எண்ணை அசைத்துப் பார்த்தும் முடிவு அசையவில்லை என்றால் அந்த முடிவை நம்பலாம்.

கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

* சாதாரண ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு ஏற்பாடு இது. ஆகவே உங்கள் கம்ப்யூட்டரின் யுபிஎஸ்ஸை விற்றுவிடாதீர்கள். கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியுடன் கூடிய அமைப்பு வேண்டும், செலவு கூடும்.

* மானியம் பேனல் பொருத்தி, சோதனை முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்கில் வரும். முதலில் முழுத் தொகையையும் தயார் செய்ய வேண்டும். மானியம் கிடைக்க பேனலும் அதிலுள்ள செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். இதை விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள்.

* பகலில் மிஞ்சும் மின்சாரம் வெளியே போவதையும், இரவில் உள்ளே வருவதையும் நெட் மீட்டர் தனித்தனியே பதிவு செய்யும். வித்தியாசத்துக்கு பில். இலவச யூனிட், வருடக் கடைசியில் மிஞ்சும் யூனிட் ஆகியவற்றுக்கான விதிகளை உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

* பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் என்பார்கள். இன்வெர்ட்டருக்கு அவ்வளவு கிடையாது. அதற்குள்ளே இருப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். வெயிலுக்கு ஏற்ப பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தைக் கறப்பது அதன் வேலை. 25 வருடத்தில் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரும் என்று அந்தச் செலவையும் ஷீட்டில் சேருங்கள்.

* 1 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி, நிழல் விழாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம் இரண்டின் நிழலும் எங்கே விழுகிறது என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

அப்பா என்ன செய்தார்?

டெபாசிட்டை முறிக்கவில்லை. கையிருப்பை வைத்து செப்டம்பரில் 2 கிலோவாட் போட்டார். மானியமும் பிறகு வந்து சேர்ந்தது. அக்டோபர், நவம்பர் மழையில் பேனல் தந்தது 390 யூனிட். நான் சொன்ன 480 இல்லை. "உன் கணக்கு 90 யூனிட் உதைக்குதே" என்று அப்பா போன் செய்தார். மழைக்காலம் அப்படித்தான் என்றேன். "தெரியும் தெரியும். எஃப் வரிசையில 'நிஜம்'னு ஒரு தலைப்புப் போட்டு எழுத ஆரம்பிச்சிட்டேன். வருஷக் கடைசியில உன் 4 சரியா இல்லையான்னு பார்த்துரலாம்" என்றார்.

நீங்களும் அந்த வரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் சரி, நான் சொன்னதாகவே இருந்தாலும் சரி, கடைசியில் ஒத்துப் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு மீட்டரோடுதான்.